மணி படுக்கும் இடங்கள்

விரிஞ்சிபுரத்தில் குளிர் தொடங்கிவிட்டதை எனக்குத் தெரிவிப்பது மணிதான். ஐப்பசி பாதி வரைக்கும் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஈர மண்ணில் குழி பறித்துப் படுத்திருந்தான். கார்த்திகை பிறந்ததும் குழியை விட்டுத் தெற்குத் திண்ணைக்குக் குடிவந்துவிட்டான். யாரும் விரட்டவில்லை, கூப்பிடவுமில்லை. வயிற்றுக்கடியில் மண் சில்லிட்டிருக்கும், அவ்வளவுதான்.

வேலூர்ச் சீமை என்றாலே வெயில். கத்திரி வெயில் பற்றி இங்கே ஆளுக்கொரு கதை சொல்வார்கள். குளிரைப் பற்றிப் பேச்சே கிடையாது. பேசும் அளவுக்கு அது தங்குவதுமில்லை. கார்த்திகையில் வந்து, பொங்கல் தாண்டியதும் கிளம்பிவிடும். இந்தச் சின்னக் குளிர் கண்ணில் படவேண்டுமானால் மெதுவாக நடக்கிற துணை வேண்டும்.

*

மணி நாட்டு நாய். வயது பதிமூன்றைத் தாண்டிவிட்டது. செம்மண் நிற முகவாய் வெளுத்துப் போயிற்று. கண்ணுக்குள் நீலப் புகை படிந்த மாதிரி இருக்கிறது. புரை என்று பயந்து காட்டியபோது, வயதானால் கண்ணின் வில்லை இறுகி இப்படி நீலம் பூக்கும், பார்வை பெரிதாகக் கெடாது என்றார் கால்நடை மருத்துவர். காதுதான் போய்விட்டது. மூக்கு அப்படியே இருக்கிறது.

கழுத்துப் பட்டையைப் பக்கத்து வீட்டுப் பெண் தைத்துக் கொடுத்தாள். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். மிச்சத் துண்டுத் தோல். மணி இளைக்க இளைக்கப் பட்டையை இறுக்கிக்கொண்டே வருகிறேன். தோல் இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது.

*

காலை நடை. தெருமுனையில் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் நிற்கிறார்கள். ஸ்வெட்டர், தலையில் துண்டு, கையில் சாப்பாட்டுப் பை. ஒரு காலத்தில் அந்த பஸ்ஸை ஊர் எல்லை வரை துரத்திவிட்டு வருவான். இப்போது சக்கரம் கடந்து போன பிறகு, தாரை மட்டும் மோந்து பார்க்கிறான்.

வாசலில் சுள்ளி எரித்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்த ஆயா கேட்டது: "இன்னாபா, கெழவன் நொண்டறான்?"

"பனிக்கு முட்டி பிடிச்சுக்குது ஆயா."

"எனக்கும் அதே முட்டிதான். என்ன யார் இட்டுனு போறா நடக்க?"

அந்தச் சுள்ளிப் புகை மேலே போகாமல் முழங்கால் உயரத்தில் தெரு முழுக்கப் படுத்திருந்தது. தெளிந்த வானத்து இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்குகிறது. மேலே உள்ள காற்று அதைவிடச் சூடு. அதனால் வெயில் ஏறும் வரை புகைக்கும் வாசனைக்கும் வெளியேற வழியில்லை. மணி அடிக்கொரு தரம் நின்று மூக்கைத் தாழ்த்துவது மூட்டு வலியால் மட்டுமல்ல என்று நினைக்கிறேன். கோடையில் கலைந்து போகும் செய்திகள் எல்லாம் இந்த வாரங்களில் அவன் உயரத்திலேயே நிற்கின்றன.

*

பாலாற்றங்கரை வரை வருவான். மணலில் இறங்க மாட்டான். நான் இறங்கிப் பார்த்தேன். ஊருக்குள் இருப்பதைவிட அங்கே குளிர் அதிகம். உலர்ந்த மணலின் பொடி இடுக்குகளில் காற்று நிற்பதால் அடியில் இருக்கும் சூடு மேலே ஏறி வராது. மேல்மணல் இரவோடு இரவாகச் சில்லிட்டுவிடும். பகலில் காலைச் சுடுவதும் இதே மணல்தான், இதே காரணத்தால்தான்.

2021 நவம்பரில் இந்த ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. அன்று கரையில் நின்று வெள்ளத்தைப் பார்த்துக் குரைத்தான். இப்போது ஓரத்துப் பள்ளங்களில் மட்டும் தண்ணீர். மோந்து பார்ப்பான், குடிக்க மாட்டான். மேல்கையில் வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கின்றன. அங்கிருந்து ஆற்றில் கலக்கும் தோல் பதனிடும் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் ஒரு தீர்ப்பும், 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. மணி வீட்டுத் தொட்டிக்கு வந்துதான் குடிக்கிறான்.

*

சித்திரை பாதிக்குள் சூரியன் நம் உச்சந்தலைக்கு வந்துவிடும். ஆனியில் அதையும் தாண்டிச் சற்று வடக்கே சாயும். அப்போது தெற்குத் திண்ணையில் நிழல். கார்த்திகையிலோ சூரியன் தெற்கே சாய்ந்தே நடப்பதால் நடுப்பகலிலும் வெயில் திண்ணைக்குள் வந்து உட்காருகிறது. காலையில் மணி மேற்கு ஓரத்தில் படுக்கிறான், உச்சியில் நடுவில், சாயங்காலம் கிழக்கு ஓரத்தில். சூரியன் போகும் திசைக்கு எதிர்த்திசை.

மார்க்கபந்தீசுவரர் கோயிலில் நேரம் காட்டும் கல் ஒன்று உண்டு. அரைவட்டத்தில் எண்கள் செதுக்கியிருக்கும். குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. அந்த நிழலும் இப்படித்தான் எதிர்த்திசையில் நகர்கிறது. எங்கள் வீட்டுக் கல்லுக்குப் பேரே மணி.

இன்னொன்றும் கவனித்தேன். டிசம்பர் 21ஐ ஒட்டித்தான் ஆண்டின் மிகச் சிறிய பகல். ஆனால் நம் பக்கத்தில் பொழுது மிகச் சீக்கிரம் சாய்வது நவம்பர் பிற்பாதியில். மிகத் தாமதமாக விடிவது ஜனவரி கடைசியில். ஆகவே கார்த்திகையின் இருட்டு சாயங்காலத்தில்தான் தெரியும். ஆறு மணிக்கு முன்னமே அவன் எழுந்து கதவைப் பார்க்கிறான்.

*

கார்த்திகை தீபம். பிள்ளைகள் மாவலி சுற்றினார்கள். பனம்பூவைக் கரியாக்கிப் பொடித்துத் துணியில் கட்டி, பனமட்டையில் செருகிய பழைய மாவலி. வட்ட வட்டமாகப் பொறி. பட்டாசும் வெடித்தது. போன வருஷங்களில் கட்டிலுக்கடியில் நடுங்குவான். இந்த முறை அதே சத்தத்தில், வாசலில், கால்களை நீட்டித் தூங்கினான். செவிடு ஒரு குறை என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கார்த்திகைக் கடைசி ஞாயிறன்று கோயிலில் கூட்டம். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் நள்ளிரவில் சிம்மக் குளத்தில் முழுகி, ஈரப்புடவையோடு கோயிலுக்குள் படுப்பார்கள். இந்த ஊர்க் குளிரை முழுசாக அறிந்தவர்கள் அவர்கள்தான். நாங்கள் திண்ணையில் இருந்து ருசி பார்ப்பவர்கள்.

*

மணிக்குச் சாக்கை இரண்டாக மடித்து, மேலே பழைய கம்பளி. கிழ நாய்க்கு மூட்டு வலி குளிரில் கூடும். பாவம் என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், புரூஃபென் எதையும் கொடுத்துவிடக் கூடாது, நாய்க்கு அவை நஞ்சாகலாம். நடையை நிறுத்தவும் கூடாதாம், குறைத்துக்கொண்டால் போதும். ஆகவே நடையை எட்டு மணிக்குத் தள்ளியாயிற்று, தூரம் பாதியாயிற்று.

மார்கழி பிறந்தால் விடியுமுன்னே ஒலிபெருக்கி தொடங்கிவிடும். மணிக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். திண்ணைக்கு வெயில் வர அதன் பிறகும் நேரம் ஆகும். மீதியிருக்கும் ஒரே கதகதப்பான இடம் அடுப்படி. நாய்க்கு அங்கே அனுமதியில்லை என்பது இந்த வீட்டின் பழைய சட்டம். இந்த வருஷம் அதைத் திருத்தச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். மனுவில் என் பேரையும் சேர்த்துத்தான்.