அளவு யாருடையது?

காலையில் ஓடுவதற்கான அரைக்கால் சட்டையையும் மேல்பனியனையும் நானே தைத்து அணிகிறேன். காகித பேட்டர்னைத் துணிமேல் விரித்துக் கோடிட்டு, வெட்டி, அம்மாவின் மிதி யந்திரத்தில் தைப்பது. இதற்குத் தெரிந்தவர்கள் தாங்களாகவே இரண்டு நியாயங்களைக் கற்பித்துவிடுகிறார்கள். ஒன்று சிக்கனம், மற்றது சுயசார்பு. முதலாவது கணக்கில் நிற்காது. துணி, எலாஸ்டிக், நூல், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றையும் கூட்டினால் தேனிக் கடைத்தெருவில் தொங்குவதுதான் மலிவு. இரண்டாவதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது, விசாரிக்க வேண்டும்.

யந்திரத்தைச் சந்தேகித்த காந்தி, 1924இல் ஜி. ராமச்சந்திரனுடன் நடந்த உரையாடலில், சிங்கர் தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் கண்டு அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது காந்தி சொன்ன காரணம். ராமச்சந்திரன் விடவில்லை: அந்த யந்திரத்தைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே? வேண்டும்தான், அது அரசின் வசம் இருக்கட்டும் என்று காந்தி ஒப்புக்கொண்டார். கேட்டவர் பிற்பாடு, 1947இல், நமக்குப் பக்கத்தில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். 1851இல் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கரின் குடும்ப வாழ்க்கை அந்த அன்புக் கதைக்குச் சாட்சி சொல்லாது. ஆனால் காந்தியின் ஒப்புதல் முக்கியமானது. விலக்கு ஒன்று கொடுத்த உடனேயே அதன் பின்னால் ஒரு தொழிற்சாலை வந்து நிற்கிறது.

என் நிலையும் அதுவே. பனியன் துணி திருப்பூரிலிருந்து வருகிறது. நூலை நூற்றவர், துணியைப் பின்னியவர், சாயம் ஏற்றியவர் யாரையும் நான் அறியேன். 2013 ஏப்ரல் 24ஆம் தேதி டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் பிற நாடுகளுக்கு உடை தைத்தவர்கள். கடைசித் தையலை நான் போட்டுவிட்டால் அந்த உலகத்திலிருந்து விலகிவிட்டதாக எண்ணுவது, குழம்பைத் தானே தாளித்தவன் நெல்லையும் தானே விளைவித்ததாகச் சொல்லிக்கொள்வதற்கு ஒப்பானது. சுயசார்பு என்ற சொல்லை இங்கே நான் உபயோகிக்கத் தயாரில்லை.

பின் எதுதான் மிஞ்சுகிறது? அளவு மிஞ்சுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் தையற்காரர்களிடம் அளவுச் சட்டை கொடுக்கும் வழக்கம் உண்டு. உடம்பை அளக்காமல், முன்பு பொருந்திய ஒரு சட்டையை அளந்து புதியதைத் தைப்பது. அதாவது உடம்பின் நேற்றைய பிரதியிலிருந்து இன்றைக்கு ஒரு பிரதி. அமெரிக்காவில் எபினேசர் பட்டரிக் 1863இல் பல அளவுகளில் விற்கத் தொடங்கிய காகித பேட்டர்ன் வேறு ரகம். அதில் இருப்பது யாருடைய உடம்பும் அல்ல, ஓர் அனுமானம். வாங்குகிறவன் தன்னை அளந்து, அந்த அனுமானத்தோடு ஒப்பிட்டு, எங்கே விலகுகிறான் என்று பார்த்துக் கோட்டைத் திருத்த வேண்டும். திருத்தப்படுவதற்காகவே அது காகிதத்தில் இருக்கிறது.

ஓட்டத்துக்கான உடை இந்தத் திருத்தத்தை இன்னும் கறாராகக் கேட்கிறது. நெய்த துணி இழுபடாது. உடம்பு அசைவதற்கு உடம்பைவிடச் சற்று அதிகமாக வெட்ட வேண்டும். பனியன் துணி இழுபடும். ஒட்டி நிற்க வேண்டுமானால் உடம்பைவிடக் குறைத்தே வெட்ட வேண்டும். சாதாரண நேர்த்தையலைத் தளர்வின்றிப் போட்டால், குந்தி எழும்போது துணி விரிகிறது, நூல் விரிவதில்லை, தையல் அறுகிறது. நின்றபடி எடுத்த அளவு போதாது. குனிந்து, முழங்காலைத் தூக்கி, கையை மேலே நீட்டி, கைக்குழியும் கவட்டுப் பாகமும் எங்கே பிடிக்கின்றன என்று பார்க்க வேண்டும். உடம்பு ஒரு வடிவமல்ல, ஒரு வினை என்பதைத் தத்துவ நூல்களில் படித்ததைவிட இங்கே ஸ்தூலமாக அறிந்தேன்.

கவிஞர்களான நண்பர்கள் உடனே யாப்பைப் பற்றிப் பேசுவார்கள். ஒப்புமை ஓரளவுக்கே செல்லும். கவிதைக்கு யாப்பு பொருந்தாவிட்டால் யாப்பைக் கைவிடலாம், வேறு கவிதையும் எழுதலாம். பொருந்தாத அளவில் மாட்டிக்கொண்ட உடம்புக்கு வேறு உடம்பு இல்லை.

பொருந்தவில்லை என்றால் குற்றம் அளவில் என்று நாம் சொல்வதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது; உடம்பில் என்கிறோம். 'எனக்கு எதுவும் சேராது' என்று சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் அளவு இயற்கையில் விளைந்ததல்ல. 1939-40இல் அமெரிக்க அரசு சுமார் 15,000 பெண்களை அளந்து ஆயத்த ஆடைக்கு நிர்ணயம் தேடியபோது, வெள்ளையரல்லாதவர்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2021 ஜூலையில், கடற்கரை ஹேண்ட்பாலில் நார்வேப் பெண்கள் விதித்த உள்ளாடை போன்ற உடுப்பை மறுத்து அரைக்கால் சட்டை அணிந்து ஆடியதற்கு 1,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அந்த உடுப்பின் பக்கவாட்டு அகலம் 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. எதிர்ப்புக்குப் பின் அவ்வாண்டே விதி மாறியது. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து எழுதிய 10 என்ற எண், ஓடுகிற பெண்ணின் இடுப்பில் வந்து நின்றது. அளவை நிர்ணயிப்பது அதிகாரம் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

வேண்டியதில்லை என்றாலும், கம்பம் பள்ளத்தாக்கில் ஒன்று இருக்கிறது. விடியுமுன் கம்பத்திலும் போடியிலும் ஜீப்பேறி, மலைக்கு மேலே இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் புருஷனுடையதோ மகனுடையதோ பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார்கள். வெயிலுக்கும், பூச்சிக்கும், செடி கிழிப்பதற்கும், பிறர் கண்ணுக்கும் அது ஒரு மறைப்பு. தோள் இறங்கி நிற்கும், கை நீண்டு மடிக்கப்பட்டிருக்கும். நாளெல்லாம் குனிந்து நிமிரும் உடம்பு அது. நான் காலையில் முக்கால் மணி நேரம் வேண்டி வரவழைத்துக்கொள்ளும் வியர்வை அவர்களுக்குக் கூலிக்கு வருகிறது. எனக்கென்று வியர்வை உறிஞ்சும் துணியும், அதற்கான வெட்டும் சந்தையில் உண்டு. அவர்களுக்கு உள்ளது வேறொருவர் போட்டுக் கழித்த அளவு. விளையாடும் உடம்பை அளக்க உலகம் நாடாவை எடுத்துக்கொண்டு வந்தது. உழைக்கும் உடம்பிடம் வரவில்லை.

வங்கியில் தையல் யந்திரத்துக்கான கடன் விண்ணப்பங்கள் என் மேசைக்கு வருகின்றன. செய்யவிருக்கும் தொழில் என்ற இடத்தில் ஜாக்கெட், நைட்டி, பாவாடை, பள்ளிச் சீருடை என்று எழுதியிருக்கும். பயிற்சியில் கற்பிப்பதும் இவற்றைத்தான். தோட்டத்துக்குப் போகிற பெண்ணுக்கு அவள் தோளுக்கும் அவள் குனிவுக்கும் ஏற்ற ஒரு வேலைச் சட்டை என்று எழுதிய விண்ணப்பம் இதுவரை என் கண்ணில் படவில்லை. யந்திரமும் துணியும் இங்கே உண்டு. எழுதுகிறவர்களில் சிலரே பக்கத்து வீட்டில் அந்தச் சட்டையைத் தினமும் பார்க்கிறவர்கள். அப்படி ஓர் உடையைக் கேட்கலாம் என்ற எண்ணம்தான் யாருக்கும் எழவில்லை.

தன் அளவைத் தானே எடுத்துக்கொள்வது ஒரு தார்மீகச் செயலா என்றால், அதுமட்டும் அல்ல என்றே சொல்வேன். கண்ணாடி முன் நின்று எனக்குச் சரியாக இருக்கிறது என்று திருப்திப்படுவதோடு அது முடியுமானால் அது ஒரு சொகுசு, கொஞ்சம் நாகரிகமான சொகுசு. ஆனால் ஒருமுறை காகிதத்தில் கோட்டை அழித்துத் தன் இடத்தில் போட்டவனுக்கு, எந்த அளவும் யாரோ போட்ட கோடுதான் என்பது தெரிந்துவிடுகிறது. பிறகு இறங்கிய தோளையும் மடித்த கையையும் 'அவர்கள் வழக்கம்' என்று கடந்து போவது அவனுக்குச் சிரமமாகிவிடும். அந்தச் சிரமத்தைத்தான் நான் மதிக்கிறேன்.

உடையைக் கொடுத்தால் அது தானம். கொடுப்பவனின் அளவு அதில் இருக்கும். பேட்டர்ன் அப்படியல்ல. அதைக் கைமாற்றலாம், வாங்குகிறவர் திருத்தாமல் அது முழுமையடையாது. அந்த வேலைச் சட்டைக்கு நான் ஒரு வெட்டு வரைந்துவிட முடியும். தோளிலிருந்து மணிக்கட்டு வரை என்ன நீளம், குனியும்போது முதுகில் எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும் அதைப் போடப்போகிறவள்தான் சொல்ல வேண்டும்.