நானே செஞ்சது!

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில், பாலும் தயிரும் வைத்திருக்கும் குளிர்ப்பெட்டி வரிசையில் ஒரு சின்ன டப்பா இருக்கும். சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்தால் 'டப்'பென்று ஒரு சத்தம். சில டப்பாக்கள் லேசில் மசியாது. சமையல் மேடை விளிம்பில் ஒரு தட்டு தட்ட வேண்டும். உள்ளேயிருந்து பிசைந்த மைதா மாவு, எட்டு முக்கோணங்களாகக் கோடு போட்டு, பாய் மாதிரி சுருண்டு வெளியே வரும்.

பாயை விரியுங்கள். முக்கோணங்களைப் பிரித்து வெண்ணெய் தடவுங்கள். கால் கப் சர்க்கரையில் இரண்டு டீஸ்பூன் பட்டைப்பொடி கலந்து தூவுங்கள். அகலப் பக்கத்திலிருந்து கூர்முனை வரை சுருட்டுங்கள். ஓவனில் 190 டிகிரி செல்ஷியஸ், 12 நிமிஷம். பொடித்த சர்க்கரையில் கொஞ்சம் பால் விட்டுக் குழைத்து மேலே கோடு கோடாக ஊற்றினால் தீர்ந்தது வேலை. சினமன் ரோல் ரெடி! வாசனை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும்.

பயப்படாதீர்கள். இந்தப் பக்கத்தைச் சமையல் பக்கமாக மாற்றும் உத்தேசம் எனக்கு இல்லை. என் கேள்வி வேறு. தட்டில் இருக்கிறதே எட்டு சுருள், அதைச் செய்தது யார்?

நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தி பெண்ணுக்கு இந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது. மகள் படிக்கும் பள்ளியில் ஒரு விழா. ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவர வேண்டும். வேலை முடிந்து ராத்திரி ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவள், வேறு வழியில்லாமல் இந்த டப்பாவைத்தான் தட்டினாள். விழாவில் ஒரு அம்மாள் ரோலைக் கடித்துவிட்டு, ''பிரமாதமா இருக்கே, நீங்களே செஞ்சதா?'' என்று கேட்டிருக்கிறார்.

''நாக்கு எழும்பலை அண்ணா. ஆமான்னாலும் பொய், இல்லேன்னாலும் பொய். சும்மா சிரிச்சு வெச்சேன்'' என்றாள் போனில்.

சிரித்து மழுப்பக்கூடிய சின்ன விஷயம்தான். ஆனால், 'செய்தேன்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கோர்ட்டே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது, தெரியுமோ? நான் பி.காம். படித்தவன். அந்தக் காலத்து எக்ஸைஸ் வரி 'உற்பத்தி' மீது போடப்பட்ட வரி. 2017ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பெரும்பாலான பொருள்களுக்கு அந்த வழக்கம் போய்விட்டது. அதற்கு முன்னால், எது உற்பத்தி, எது வெறும் பக்குவப்படுத்தல் என்பது கோடிக்கணக்கான ரூபாய்க் கேள்வி. டெல்லி கிளாத் மில்ஸ் வழக்கில் 1962ல் சுப்ரீம் கோர்ட் ஓர் அளவுகோல் சொன்னது. வேறு பெயர், வேறு குணம், வேறு பயன் கொண்ட புதுப் பொருள் ஒன்று பிறந்தால்தான் அது உற்பத்தி. 1980ல் கேரளத்து அன்னாசிப்பழ வழக்கு ஒன்று. பழத்தைத் தோல் சீவி, துண்டு போட்டு, சர்க்கரை சேர்த்து டின்னில் அடைத்தாலும் அது அன்னாசிதான், புதுப்பொருள் இல்லை என்று தீர்ப்பு.

அந்த அளவுகோலை நம் டப்பாவுக்கு வைத்துப் பாருங்கள். பச்சை மாவைத் தின்ன முடியாது. சுருளைத் தின்னலாம். பெயர் வேறு, குணம் வேறு, பயன் வேறு. ஆக, சுப்ரீம் கோர்ட் கணக்குப்படி என் சித்தி பெண் உற்பத்தியாளர்! மாமியார் கோர்ட்டில்தான் கேஸ் நிற்காது.

மாமியார் கோர்ட் தரப்பு வாதமும் இருக்கிறது. மாவைப் பிசைந்தது ஒரு தொழிற்சாலை. ஈஸ்ட் போட்டு, ரெண்டு மணி நேரம் ஊறப்போட்டு, கை வலிக்கப் பிசைகிறவளும், டப்பாவைத் தட்டுகிறவளும் ஒன்றா? நிச்சயம் ஒன்றில்லை. கைப்பக்குவத்துக்கு உரிய மரியாதையைக் குறைத்துச் சொன்னால் அது அநியாயம்.

ஆனால், இந்தக் கோடு எப்போதும் ஒரே இடத்தில் நின்றதில்லை என்பதைப் பாருங்கள். நம்மூரில் ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தபோது, 'மெஷின் மாவுல என்ன ருசி இருக்கு?' என்றார்கள். இன்றைக்கு கிரைண்டரில் அரைத்தால் அது 'வீட்டு மாவு'. பாக்கெட் மாவு வாங்குகிறவள்தான் சோம்பேறி. வீட்டிலேயே பிசைகிறவர்களும் மைதாவைக் கடையில்தான் வாங்குகிறார்கள். கோதுமையைக் குத்தி, சலித்து யாரும் ஆரம்பிப்பதில்லை. கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆனால், எங்கே நகர்ந்தாலும், அதற்கு அந்தப் பக்கம் நிற்கவைக்கப்படுவது பெரும்பாலும் ஒரு பெண். கிரைண்டரிலும் அரைக்காத, டப்பாவையும் தட்டாத வீட்டுக்காரரை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை.

இந்தக் குற்ற உணர்ச்சி கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும். டப்பா மாவுக்கு 1931ல் பேடன்ட் வாங்கியவர் கென்டக்கி மாநிலத்து லூயிவில்லைச் சேர்ந்த லைவ்லி வில்லபி என்ற பேக்கரிக்காரர். குளிரில் வைத்த மாவு டப்பாவுக்குள்ளேயே உப்பி, அழுத்தம் ஏறி, தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும் என்பதுதான் சூட்சுமம். திறக்கும்போது வரும் 'டப்' அந்த அழுத்தம்தான். உள்ளூர் மாவு மில் ஒன்று அதை வாங்கி விற்றது. 1951ல் அந்த மில்லையே பில்ஸ்பரி வாங்கியது. 1965ல் தொப்பி வைத்த மாவுப் பொம்மைப் பையனை விளம்பரத்தில் இறக்கினார்கள். வயிற்றில் குத்தினால் சிரிப்பானே, அவன்! மெஷின் பிசைந்த மாவுக்கு ஒரு குழந்தை முகம்.

கேக் மிக்ஸ் விஷயத்தில் ஒரு முட்டைக் கதை பிரபலம். தண்ணீர் ஊற்றினால் போதும் என்று விற்றபோது பெண்கள் தயங்கினார்களாம். முட்டையை நீங்களே உடைத்து ஊற்றுங்கள் என்றதும் வாங்கினார்களாம். 1950களில் எர்னஸ்ட் டிக்டர் என்ற விளம்பர மனோதத்துவக்காரர் கண்டுபிடித்தது என்று மேனேஜ்மென்ட் வகுப்புகளில் சொல்வார்கள். கதை பாதிதான் சரி. பிட்ஸ்பர்க்கின் டஃப் கம்பெனி, புது முட்டை சேர்க்கும் கேக் மிக்ஸுக்கு 1935லேயே பேடன்ட் வாங்கிவிட்டது. யார் கண்டுபிடித்தால் என்ன? ஒரு முட்டை உடைத்தால் மனசு ஆறுகிறது என்பது கம்பெனிக்குப் புரிந்துவிட்டது.

2012ல் ஹார்வர்டின் மைக்கேல் நார்ட்டனும் இரண்டு சகாக்களும் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். காகிதத்தில் கொக்கு மடிக்கத் தெரியாதவர்கள் மடித்த கோணல்மாணல் உருவங்களுக்கு, மடித்தவர்களே நிபுணர் வேலைக்குக் கிட்டத்தட்ட சமமான விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் வேலையை அரைகுறையாக விட்டவர்களுக்கு அந்தப் பாசம் வரவில்லை. முடித்துப் பார்த்தால்தான் 'என்னுடையது' என்ற உணர்வு வருகிறது. அதனால் ஓவனுக்கு முன்னால் 12 நிமிஷம் நின்றவளுக்கு வரும் பெருமிதத்தை முழுசாக ஏமாற்று என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

சரி, சர்க்கரையோடு கலந்த பட்டைப்பொடிக்கு வருவோம். இதைப் பற்றி மாமியார் கோர்ட்டில்கூட யாரும் கேள்வி கேட்பதில்லை.

அமெரிக்க டப்பாவில் 'சினமன்' என்று விற்பது பெரும்பாலும் கேசியா என்ற உறவுக்கார மரத்தின் பட்டை. நாம் பிரியாணியில் போடும் தடித்த பட்டையும் பெரும்பாலும் அந்த ஜாதிதான். அமெரிக்காவுக்கு அதிகம் போவது இந்தோனேஷியாவிலிருந்து. சுமத்ராவின் கெரின்சி மலைப்பகுதியில், வருஷக்கணக்கில் வளர்ந்த மரத்தை வெட்டி, பட்டையை உரித்து வெயிலில் போடுவார்கள். காயக் காயச் சுருண்டுகொள்ளும்.

அசல் இலவங்கப்பட்டை இலங்கையுடையது. அங்கேயுள்ள தமிழர்கள் கறுவா என்பார்கள். கிளையின் மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்த்து, உள்பட்டையைக் கத்தியால் கீறி, கிழியாமல் கழற்ற வேண்டும். மெஷினுக்குப் பிடிபடாத கைவித்தை. டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் சலாகம சாதியார் ஆளுக்கு இவ்வளவு என்று பட்டை உரித்துக் கொடுத்தே ஆகவேண்டும். மரத்தைச் சேதப்படுத்தினாலோ, திருட்டுத்தனமாக விற்றாலோ மரண தண்டனை வரை போகலாம். இன்றைக்கும் அங்கே தேர்ந்த கைகளுக்குப் பஞ்சம். வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பார்வைக்குக் கூச்சப்பட்டு இளைஞர்கள் ஒதுங்குவது அதற்கு ஒரு காரணம்.

ஆக, அந்தத் தட்டில் இருக்கும் சுருளில் எத்தனை பேர்! ஆடம் ஸ்மித் 1776ல் எழுதிய புத்தகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் ஆடு மேய்ப்பவர், நூற்பவர், சாயம் போடுபவர், கப்பல்காரர் என்று ஒரு நீளமான கூட்டத்தைக் காட்டுவார். அதே புத்தகத்தில், நம் சாப்பாடு கசாப்புக்காரர், பேக்கரிக்காரரின் கருணையால் வருவதில்லை, அவரவர் சுயலாபத்தால் வருகிறது என்றும் வாதிடுவார். காமர்ஸ் வகுப்பில் இதைச் சொல்லாத வாத்தியார் கிடையாது. ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஸ்மித் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1784ல் அம்மா மார்கரெட் சாகும் வரை அவரோடுதான் வாழ்ந்தார். ஜேனட் என்ற உறவுக்காரப் பெண் வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். பேக்கரிக்காரரைக் கணக்கில் எடுத்தவர், சாப்பாடு மேஜைக்கு வந்து சேர்ந்த வழியில் வீட்டுப் பெண்களை விட்டுவிட்டார்.

நம் பேரேடும் அப்படித்தான். வீட்டில் பிசைந்த, அரைத்த, சுட்ட மணி நேரங்களை எந்த வரவுப் பக்கத்திலும் யாரும் எழுதவில்லை. அவள் ஒரு நாள் கடை மாவு வாங்கினால் மட்டும் பேனாவைத் திறந்து பற்றுப் பக்கத்தில் எழுதுகிறோம். வரவே வைக்காத கணக்கில் எப்படி ஸார் பற்று எழுத முடியும்?

அப்படியானால் அந்த அம்மாளுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? உண்மையைத்தான். கேட்கிறவர் குழந்தைக்கு ஒவ்வாமை இருக்கலாம். டப்பாவில் என்ன எழுதியிருந்தது என்பது அவருக்கு அவசியமான தகவலாக இருக்கலாம். அந்த இடத்தில் பெருமைக்காக மறைப்பது தப்பு. 'வீட்டுத் தயாரிப்பு' என்று அட்டை மாட்டி, டப்பா சரக்கைக் கூடுதல் விலைக்கு விற்றால் அது ஏமாற்று. இதில் இரண்டு பேச்சு கிடையாது.

என் சித்தி பெண்ணின் நாக்கை மடக்கியது 'செஞ்சதா' என்ற சொல் இல்லை. 'நீங்களே' என்பதில் இருக்கும் ஒற்றை எழுத்து. நன்னூல் ஏகாரத்துக்கு ஆறு பொருள் சொல்கிறது. அதில் ஒன்று பிரிநிலை. கூட்டத்திலிருந்து ஒருவரைத் தனியாகப் பிரித்து எடுப்பது. 'நானே செய்தேன்' என்றால், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்று அர்த்தம். 'நான் செஞ்சேன்' என்பது டப்பா மாவு வாங்கியவளுக்கும் பொருந்துகிற உண்மை. 'நானே செஞ்சேன்' என்பது, ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பிசைந்தவருக்கும் முழு உண்மை இல்லை. பொய் மாவில் இல்லை, அந்த 'ஏ'யில் இருக்கிறது.

சமையலறையோடு முடிகிற விஷயமா இது? நானே கட்டிய வீடு, நானே வளர்த்த கம்பெனி, நானே படித்து முன்னுக்கு வந்தேன்... எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம்! சித்தாளும், முதல் குமாஸ்தாவும், ஃபீஸுக்காக வளையலை அடகு வைத்த அக்காவும் அந்த ஓர் எழுத்தில் காணாமல் போகிறார்கள். அங்கெல்லாம் யாருக்கும் நாக்கு மடங்குவதில்லை. கைதட்டல்தான். எட்டு சுருளோடு நின்றவளுக்குத்தான் மனசாட்சி உறுத்துகிறது.

ஏகாரத்தை விட்டுவிட்டால் கெரின்சியில் பட்டை உரிப்பவருக்குக் கூலி கூடிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. ஒரு பைசாகூடப் போய்ச் சேராது. ஆனால் தன் தட்டில் அடுத்தவர் கை இருக்கிறது என்று தெரிந்தவன், அந்தக் கைக்கு என்ன கிடைத்தது என்று என்றைக்காவது கேட்பான். எல்லாம் நானே என்கிறவனுக்குக் கேட்கத் தோன்றாது.

யாராவது கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள்: ''நான்தான் செஞ்சேன். மாவு கடையில வாங்கினது. சாப்பிடுங்க.'' அடடா, 'நான்தான்' என்றதில் வேறொரு அழுத்தம் வந்துவிட்டதே! பரவாயில்லை, சுடச்சுட ஓவனிலிருந்து எடுத்தவருக்கு அந்த அளவு உரிமை உண்டு.

சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல பலகாரம் கையில் இருக்கும்போது, ''நீங்களே செஞ்சதா?'' என்று விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள். ''இன்னொண்ணு எடுத்துக்கலாமா?'' என்று கேளுங்கள்.