சமாரியன் கொடுத்த இரண்டு காசு

ஐரோப்பாவுக்கு அகதியாக வந்த எம்மில் பலருக்கு இந்நாட்டு மக்களில் முதலில் பழக்கமானவர்கள் தேவாலயங்களைச் சேர்ந்தவர்களே. குளிருடுப்புத் தந்தவர்கள், மொழி சொல்லித் தந்தவர்கள், அரசாங்கக் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்தியவர்கள், வழக்குத் தவணைக்குக் கூட வந்தவர்கள் என்று பார்த்தால் அதிலே பாதிப்பேர் அவர்கள்தான். அவர்களுடைய மண்டபங்களின் ஒரு மூலையில் ஒரு மேசை இருக்கும். அதிலே கோப்பி, தேயிலை, சொக்கிலேற், சணல் பைகள் எல்லாம் விற்பனைக்கு வைத்திருப்பார்கள். கடையில் உள்ளதைவிட விலை கொஞ்சம் கூட. விற்பவர்கள் சம்பளம் வாங்காத வயதான பெண்கள். நியாய வணிகம் என்று இதற்குப் பெயர். எம்மவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. ‘வெள்ளைக்காரன் பாவத்தைக் கழுவ ஐம்பது சதம் கூடக் குடுத்துக் கோப்பி குடிக்கிறான்’ என்பது எம்மிடையே உலவிய பகிடி.

இந்தப் பகிடியைச் சற்று அக்கறையோடு எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். நான் கிறிஸ்தவனல்ல. சைவக் குடும்பத்தில் பிறந்து, இப்போது எந்தக் கோயிலுக்கும் போகாதவன். ஆனாலும் ஒரு நம்பிக்கை மனிதரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்ற கேள்வி நம்பாதவனுக்கும் உரியதே. கண் காணாத தூரத்தில், முகம் தெரியாத ஒருவருக்கு நான் கடமைப்பட்டவனா? கடமைப்பட்டவன் என்றால், கடல் கடந்து போய்ச் சேவை செய்வதால் அக்கடமை தீருமா? அல்லது கடையில் நியாயமான விலை கொடுத்தால் தீருமா?

கிறிஸ்தவர்கள் இக்கேள்விக்கு முதலில் எடுப்பது லூக்கா நற்செய்தியில் வரும் சமாரியன் கதையை. கள்வரிடம் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டும் காணாமல் விலகிப்போக, யூதர்கள் தீண்ட விரும்பாத சமாரியன் ஒருவன் நின்று காயத்துக்கு மருந்து கட்டுகிறான். பிரசங்கிகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். கதையோ இன்னும் கொஞ்சத் தூரம் போகிறது. அவன் காயப்பட்டவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுக்கிறான். அக்காலத்தில் அது ஒரு கூலியாளின் ஏறக்குறைய இரண்டு நாட் சம்பளம். இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிப் போகிறான்.

ஆக, அன்பைப் பற்றிய இந்தக் கதைக்குள்ளே ஒரு கொடுக்கல் வாங்கலும் இருக்கிறது. சத்திரக்காரன் புண்ணியத்துக்கு வேலை செய்யவேண்டும் என்று சமாரியன் எதிர்பார்க்கவில்லை. அவனுடைய வேலைக்கு விலை கொடுக்கிறான். கொடுத்ததோடு கைகழுவிவிடாமல் திரும்பி வந்து கணக்குப் பார்ப்பதாகவும் சொல்கிறான். கிட்டப் போதல், விலை கொடுத்தல், திரும்பி வருதல் என்று இதில் மூன்று காரியங்கள் உள்ளன. சேவைக்குப் போனவர்களையும் பொருள் வாங்குபவர்களையும் இந்த மூன்றையும் வைத்தே பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் நியூ ஜேர்சியில் வாழ்ந்த ஜோன் வுல்மன் என்ற குவேக்கர், அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதற்காகச் சீனியைக் கைவிட்டவர். சாயமிடாத உடையை உடுத்தியவர். அடிமை வைத்திருந்த வீடுகளில் தங்க நேர்ந்தபோது, தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குரிய கூலியைக் கொடுத்துவிட்டே வெளியேறினார். வீட்டுக்காரனுக்கு இது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். 1772இல் இங்கிலாந்து வந்தபோது, தபால் வண்டிகளில் வேலை செய்த பையன்கள் வதைபடுகிறார்கள் என்று வண்டியில் ஏற மறுத்து நடந்தே போனார். அவ்வருடமே யோர்க் நகரில் அம்மை கண்டு இறந்தார்.

தனி ஒருவரின் விரதமாக இருந்தது அடுத்த தலைமுறையில் இயக்கமானது. 1791இல் வில்லியம் பொக்ஸ் என்பவர் மேற்கிந்தியச் சீனியை விலக்கும்படி கேட்டு ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். மூன்று இலட்சம் பேர் சீனியைக் கைவிட்டார்கள் என்று அடிமை ஒழிப்பாளரான தோமஸ் கிளார்க்சன் கணக்கிட்டார். வாக்குரிமை இல்லாத பெண்கள் சமையலறையிலிருந்து நடத்திய அரசியல் அது. பின்னர் ‘அடிமைகள் செய்யாத சீனி’ என்று எழுதிய சீனிக் கிண்ணங்கள்கூட விற்பனைக்கு வந்தன. 1833இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டத்தைக் கொண்டுவந்தது சீனிப் பகிஷ்கரிப்பு மட்டுமே என்று சொல்ல முடியாது. அடிமைகளின் கிளர்ச்சிகளுக்கு அதில் பெரும் பங்குண்டு. என்றாலும் அந்த மக்களின் மனதை ஆயத்தப்படுத்தியதில் அந்தக் கிண்ணங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

இதற்குப் பிறகு நடந்தது எமது கதை. 1834இல் அடிமைகள் விடுதலையாகத் தொடங்கிய அதே காலத்தில் மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறத் தொடங்கினார்கள். அவர்களில் தமிழர்கள் கணிசமானோர். அடிமை ஒழிப்பாளரில் ஒரு பகுதியினர் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். அதனால் 1839இல் இந்த ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. 1842இல் மொரீசியசுக்குத் திரும்பவும் அனுமதிக்கப்பட்டது. சீனி வாங்கிய பெரும்பான்மையோருக்கு இது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அடிமை செய்யாத சீனி என்பது அப்போது உண்மையாகவே அடிமை செய்யாத சீனி. தேநீரில் அதைப் போட்டுக் குடிக்க மனச்சாட்சி தடையாக இருக்கவில்லை. கிட்டப் போனார்கள், விலையும் கொடுத்தார்கள், ஆனால் பெரும்பாலோர் திரும்பி வந்து பார்க்கவில்லை. நுகர்வோர் அறம் என்பதன் பலவீனம் முதன்முதலில் வெளிப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று.

இனிக் கடல் கடந்த சேவைக்கு வருவோம். மிசனரிமாரை எமக்கு நன்றாகத் தெரியும். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் பள்ளிக்கூடங்களைத் தந்தது, மதத்தையும் தந்தது. சேவையா, ஆள்பிடிப்பா என்ற விவாதம் ஆறுமுக நாவலர் காலத்திலிருந்தே எம்மிடையே நடக்கிறது. அந்த விவாதத்துக்குள் இலகுவில் அடங்காத ஒருவர் மானிப்பாயில் வைத்தியம் செய்த சாமுவேல் கிறீன். தன்னிடம் வந்தவர்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நோயாளி வைத்தியரிடம் வரும்போது மொழியால் சிறுமைப்படக்கூடாது என்பது இதனால் விளைந்த பயன். வந்தவர் இருக்கிற இடத்தின் மொழிக்கு மாறியது பெரிய காரியம். ஆனால் அப்போதும் கொடுப்பவர் ஒருபக்கம், வாங்குபவர் மறுபக்கம் என்ற ஒழுங்கு மாறவில்லை.

அந்த ஒழுங்கைக் குழப்பியவர் பிரான்ஸ் வான் டெர் ஹொஃப் என்ற நெதர்லாந்துக் குரு. 1970இல் சிலிக்குப் போனவர், 1973 இராணுவச் சதிக்குப் பின் மெக்சிக்கோ போய், 1980களில் வஹாக்கா மாநிலத்து மலைகளில் கோப்பி பயிரிடும் பூர்வகுடி விவசாயிகளோடு வாழ்ந்தார். தானும் தோட்டவேலை செய்தார். அந்த விவசாயிகள் இடைத்தரகர்களிடமிருந்து தப்பத் தமக்கென்று ஒரு கூட்டுறவை அமைத்தார்கள். வழமையான மிசனரி தாய்நாட்டுக்கு எழுதுவார், ‘இவர்கள் ஏழைகள், பணம் அனுப்புங்கள்’ என்று. இவர் கொண்டுபோன செய்தி வேறு. இவர்களுடைய கோப்பியை நீங்கள் குடிக்கிறீர்கள், அதற்குரிய விலையைக் கொடுங்கள் என்றார். சொலிடாரிடாட் என்ற கிறிஸ்தவ அமைப்பின் நிக்கோ ரோசனுடன் சேர்ந்து 1988 நவம்பரில் ‘மக்ஸ் ஹவலார்’ என்ற முத்திரையோடு அந்தக் கோப்பியை நெதர்லாந்துக் கடைகளுக்குக் கொண்டுவந்தார். ஜாவாவில் டச்சுக்காரர் கோப்பிக்காகச் செய்த கொடுமைகளை அம்பலப்படுத்திய 1860ஆம் ஆண்டு நாவலின் பெயர் அது. சேவைக்குப் போனவர் திருத்தப்பட வேண்டியது தன்னுடைய ஊர் என்று கண்டு திரும்பி வந்தார் என்பதில்தான் இதன் முக்கியத்துவம் இருக்கிறது.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் அடம்ஸ் என்பவர் 1970களில் ஒரு கிறிஸ்தவ உதவி நிறுவனத்துக்காக வங்காளதேசத்துச் சணல் பொருட்களை விற்றவர். சுவிசேஷக் கிறிஸ்தவக் குழுக்களிடமிருந்தே பொருள் வாங்கவேண்டும் என்ற கொள்கையில் அவருக்கும் நிறுவனத்துக்கும் முரண்பாடு வந்தது. வறுமைக்கு மதமில்லை என்று பிரிந்து 1979இல் ட்ரெயிட்கிராப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். மேலே சொன்ன மேசைகளில் பெரும்பகுதிக்குப் பொருள் அனுப்பியது இதுவே. சமாரியன் கதையை மதிப்பவர்களே அடிபட்டவனின் மதம் என்ன என்று கேட்கும் விசித்திரம் இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது. அதை மறுத்தவரும் அதே விசுவாசத்தைச் சேர்ந்தவரே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது பகிடிக்காரரின் பக்கம். அவர்களிடம் வலுவான நியாயங்கள் உண்டு. முதலாவது, இது பாவமன்னிப்புச் சீட்டு. 1517இல் லூதர் எதிர்த்த வியாபாரம் வேறு உருவில் வந்திருக்கிறது என்பது. இரண்டாவது, கொடுத்த காசு போகவேண்டிய இடத்துக்குப் போகிறதா என்பது. லண்டன் கீழைத்தேய, ஆபிரிக்க ஆய்வுக் கல்லூரியின் ஆய்வாளர்கள் எதியோப்பியாவிலும் உகண்டாவிலும் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு, நியாய வணிக முத்திரை பெற்ற இடங்களில் கூலிக்கு வேலை செய்தவர்களின் நிலை மற்ற இடங்களைவிட நன்றாக இல்லை, சில இடங்களில் மோசம் என்று காட்டியது. காணி உள்ளவனுக்கு விலை கிடைத்தது, காணியற்ற கூலிக்குக் கிடைக்கவில்லை. மூன்றாவது, தெரிவு செய்து வாங்கக் கையில் காசு வேண்டும். 2000 ஏப்ரலில் பிரித்தானிய அரசு அகதிகளுக்குப் பணத்துக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. குறித்த கடைகளில்தான் மாற்றலாம், மிச்சக் காசு தரமாட்டார்கள். 2002இல் அது கைவிடப்படும்வரை, எந்தக் கடைக்குப் போவது என்பதைக்கூடத் தீர்மானிக்க முடியாதவனுக்கு நியாய வணிகம் எங்கே வந்தது?

இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் இவை எதுவுமே முகம் தெரியாத மனிதனுக்குரிய கடமை இல்லை என்று நிரூபிக்கவில்லை. முத்திரையை வாங்கியதும் கடமை முடிந்துவிடாது என்பதையே நிரூபிக்கின்றன. 2014 ஆய்வு எதைச் சொல்கிறது? யாரோ திரும்பிப் போய்ப் பார்த்தார்கள் என்பதையும் சொல்கிறது. அடம்ஸ் தொடங்கிய நிறுவனத்தோடு தொடர்புடைய தொண்டு அமைப்பு 2018இல் அசாம் தேயிலையைப் பற்றி ஓர் இயக்கம் நடத்தியது. எந்தெந்தத் தோட்டங்களில் தேயிலை வாங்குகிறீர்கள் என்று வெளியிடுங்கள் என்று பெரிய கம்பனிகளைக் கேட்டது. பல கம்பனிகள் வெளியிட்டன. நிறுவனம் 2023இல் கடனில் மூழ்கி வீழ்ந்தது. ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி.

தேயிலை என்றவுடன் இந்தப் பேச்சு எமது வாசலுக்கு வந்துவிடுகிறது. அந்த மேசையில் இருந்த தேயிலைப் பொதிகளில் இலங்கைத் தேயிலையும் இருந்தது. அதைக் கொய்த கைகள் தமிழ்ப் பெண்களின் கைகள். 1948இல் அவர்களுடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இல் இரண்டு அரசாங்கங்கள் அவர்களைப் பங்கு பிரித்தன. எஞ்சியோருக்குக் குடியுரிமை கிடைக்க 2003 ஆகிவிட்டது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்குப் பல வருடம் போராடி 2021 வரை காத்திருந்தார்கள். முத்திரை பெற்ற தோட்டங்களில்கூட மேலதிகத் தொகை பெரும்பாலும் ஒரு குழுவினூடாகப் பொதுத் தேவைகளுக்கே போகிறது, சம்பளமாகக் கைக்கு வருவதில்லை.

எங்கோ இருக்கும் ஆங்கிலக் கிழவிக்கு இந்தப் பெண் அயலாளாகத் தெரிந்தாள். யாழ்ப்பாணத்துக்கு அவள் யாராக இருந்தாள்? ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர்கள் சிங்களவரல்ல. வசதியான வீடுகளிலும், ஓரளவு வருமானமுள்ள உத்தியோகத்தர் வீடுகளிலும் மலையகத்துப் பிள்ளைகள் வேலைக்கு நின்றார்கள். தம் வயதுப் பிள்ளையின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல்வரை போய்த் திரும்பினார்கள். ‘சாப்பாடு போடுகிறோம், உடுப்பு எடுத்துக் கொடுக்கிறோம்’ என்பது சமூகத்தின் பதிலாக இருந்தது. அதாவது தர்மம் கிடைத்தது, கூலி கிடைக்கவில்லை.

அந்தப் பதில் எம்மோடு விமானமேறி வந்திருக்கிறது. லாச்சப்பலிலும் ஈஸ்ட்ஹாமிலும் ஸ்காபரோவிலும் எமது கடைகள் நிறைந்திருக்கின்றன. கத்தரிக்காயும் ஒடியல்மாவும் மலிவாக வாங்கும்போது, பெட்டி இறக்குகிற பெடியன் எத்தனை மணித்தியாலம் நிற்கிறான் என்று நாம் கேட்பதில்லை. அவனுக்கு விசா இல்லையென்றால் முறையிட அவனுக்கு இடமில்லை. ‘விசா இல்லாதவனுக்கு வேலை கொடுத்து உதவி செய்கிறேன்’ என்று முதலாளி சொல்வார். அதில் உண்மையும் இருக்கலாம். அந்த வேலையும் இல்லாவிட்டால் அவன் பட்டினி. ஆனால் ஒருவனுடைய கதியற்ற நிலையை வைத்து அவனுடைய கூலியைத் தீர்மானிப்பதற்கு உதவி என்று பெயர் வைக்க முடியாது. வுல்மன் இந்தக் கடைக்கு வந்திருந்தால் சாமானுக்குக் கொடுத்தபின் அவனுக்கும் கூலி கொடுத்துவிட்டே போயிருப்பார்.

ஆகவே மேசைக்குப் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை எமக்கு இருக்கிறதா என்று கேட்கிறேன். அவர்களுடைய நம்பிக்கையை நாம் ஏற்கவேண்டியதில்லை. அவர்கள் கேட்ட கேள்வியை ஏற்றால் போதும்: இது யாருடைய உழைப்பு, அவருக்கு என்ன கிடைத்தது? ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்ட, கோயில் திருப்பணி செய்யக் காசு சேர்க்கும் சங்கங்கள் எம்மிடம் ஏராளம். அந்தச் சங்கங்களுக்கு அள்ளிக் கொடுக்கும் முதலாளிமாரிடம், அடுத்த கூட்டத்தில், நன்கொடைப் பட்டியல் வாசிப்பதற்கு முன்னால், உங்கள் கடையில் நிற்பவர்களுக்கு மணித்தியாலத்துக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று ஒருவர் எழுந்து கேட்கலாம். பதில் சொல்லாவிட்டால் அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்கலாம்.