சோறு வேண்டாம் என்கிறவர்

சைனீஸ் ஓட்டலில் ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ் இரண்டையும் ஒதுக்கிவிட்டால் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு ஆவியில் வேகவைத்த மீன், பூண்டு போட்டு வதக்கிய கீரை, டோஃபு, முட்டையை இழை இழையாகக் கலக்கிவிட்ட சூப்... மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிற 'லோ-கார்ப்' ஆசாமிக்கு இது ராஜ விருந்து. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. அதே எடை காலிஃப்ளவரில் 5 கிராம்தான்.

அந்தக் காலிஃப்ளவர் கோபி மஞ்சூரியன் ஆகும்போது கதை மாறிவிடும். மைதாவிலும் கார்ன்ஃப்ளாரிலும் புரட்டிப் பொரித்து, மறுபடி கார்ன்ஃப்ளார் கரைத்த சாஸில் போட்டு... சோற்றை வாசல் வழியே அனுப்பிவிட்டு, மாவைக் கொல்லைப்பக்கமாகக் கூட்டி வருகிற வேலை. விரதநாளில் 'அரிசிச் சாதம் தொடமாட்டேன்' என்று சொல்லி எட்டு இட்லி சாப்பிடுகிற நமக்கு இந்த வித்தை புதுசில்லை. (சீனாவில் போய் மஞ்சூரியன் கேட்காதீர்கள். அது இந்தியாவில் பிறந்த பிள்ளை.)

இதெல்லாம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிற சமாசாரம். போகட்டும், நஷ்டம் அவரோடு. நான் சொல்ல வந்தது ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவரைப் பற்றி.

சீனக் குடும்பங்களில் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பார்கள். 'ஃபான்' என்றால் சோறு. கொஞ்சம் தாராளமாகச் சொன்னால் எல்லாத் தானிய உணவும். 'ட்சாய்' என்றால் அதற்குத் துணையாக வருகிற மீன், கறி, காய் எல்லாம். சாப்பிடுவதற்கு அவர்கள் சொல்கிற சாதாரண வார்த்தையே 'சோறு உண்பது' என்பதுதான். கன்ஃபூசியஸின் பழக்கவழக்கங்களைச் சொல்கிற 'அனலெக்ட்ஸ்' நூலில், கறி எவ்வளவு இருந்தாலும் அது சோற்றின் அளவை மிஞ்ச அவர் விட்டதில்லை என்று ஒரு குறிப்பு வருகிறது.

இப்போது மேஜையைக் கவனியுங்கள். சோறு அவரவர் கிண்ணத்தில். மற்றதெல்லாம் நடுவில், எல்லோருக்கும் பொதுவாக. ஒரு துண்டு மீனுக்கு நாலு வாய் சோறு என்ற கணக்கில்தான் ஒரு மீன் ஆறு பேருக்குப் போதுமானதாகிறது.

அந்த ஆறு பேரில் ஒருவர், "எனக்கு ரைஸ் வேணாம்பா, நான் லோ-கார்ப்" என்கிறார். உடனே மற்றவர்கள், "எப்படி சார் இவ்ளோ கன்ட்ரோலா இருக்கீங்க!" என்று வியக்கிறார்கள். அவர் விட்டுக்கொடுத்தது எதை? தன் கிண்ணத்தில் இருந்த, மலிவான சோற்றை. அவர் வயிறு என்ன, பாதியாகச் சுருங்கிவிட்டதா? அந்தப் பசி நேராக நடுத்தட்டுக்கு வருகிறது. மீனின் முதுகுச் சதை முழுக்க அவர் பக்கம். தியாகி பட்டமும் அவருக்கு, மீனும் அவருக்கு! கடைசியில் பில்லை ஆறாகப் பிரிக்கிறார்கள்.

'நான்தான் என் பங்கு பணம் கொடுத்தேனே' என்பார். சரி. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்பே தட்டு காலியாகிவிட்டதே. மேஜையின் கடைசியில் உட்கார்ந்து, கூச்சத்தில் கை நீட்டாமல், வெறும் சோற்றில் சோயா சாஸ் ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிற பையனுக்கு அந்தப் பணத்தால் என்ன பிரயோஜனம்?

பெரிய விருந்துகளில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே சோறோ நூடுல்ஸோ கடைசியில்தான் வரும். தொட்டும் தொடாமலும் வைக்கலாம். தட்டுகள் மிஞ்சும்படி வரவழைப்பது விருந்து கொடுப்பவருடைய கௌரவம். வீட்டு மேஜையிலும், நண்பர்கள் பங்கு போட்டுச் சாப்பிடுகிற ஓட்டல் மேஜையிலும்தான் சோறு எல்லோருடைய பசியையும் தாங்குகிறது.

அதற்காக அவரைச் சோறு தின்னச் சொல்லவில்லை. ரசித்துச் சாப்பிடுவதும் குற்றமில்லை. பத்தியம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடவேண்டும் என்று எவன் சொன்னான்? தனக்கென்று ஒரு தட்டு டோஃபு, ஒரு தட்டு கீரை தன் கணக்கில் கூடுதலாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. காதும் காதும் வைத்த மாதிரி சர்வரிடம் சொல்லலாம். அறிவிப்பு தேவையில்லை.

சர்க்கரை வியாதிக்காரர் விஷயம் வேறு. அவர் சோற்றைக் குறைப்பது ஸ்டைலுக்காக இல்லை. (இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.) அவர் வாயைத் திறந்து கேட்கும்படி வைக்கக்கூடாது. ஆர்டர் கொடுக்கிறவர் நீங்களாக இருந்தால், மீன் இரண்டாகவே சொல்லிவிடுங்கள்.