கடல் கடந்த இல்லத்தில் தர்மம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலத்தில் திருத்தேர் வடம் பிடிக்க வரும் பெரியோர்களுள், சென்ற ஆண்டு வர இயலாமற் போனவர் சிலர் எப்போதும் இருப்பர். காரணம் கேட்டால், குமாரன் இல்லத்திலோ, குமாரத்தியின் பிரசவத்தின் பொருட்டோ அமெரிக்காவில் ஆறு மாதம் தங்கியிருந்ததாகக் கூறுவர். அதற்கு அடுத்த சொல்லைச் சற்றே குரல் தாழ்த்திக் கூறுவர்: "அங்கே நியமமெல்லாம் குறைந்துவிட்டது." சொல்பவர் முகத்தில் பேரனைக் கண்ட மகிழ்ச்சியும் உண்டு, எதையோ இழந்து வந்த கூச்சமும் உண்டு. இக்கூச்சம் நியாயமானதா? கடல் கடந்த இல்லத்தில் எது குறைந்தால் குற்றமில்லை, எது குறைந்தால் குற்றமாகும்? இவ்வினாவைச் சிறிது ஆராய்வது, போய் வந்தவர்க்கும் போக இருப்பவர்க்கும் பயன் தருவதாகும்.

பழைய தடை

கடற்பயணத்தைப் போதாயன தர்ம ஸூத்ரம் பதனத்திற்குக் காரணமான செயல்களுள் ஒன்றாகக் கூறியுள்ளது. மாதக்கணக்கில் மரக்கலத்தில் செல்வோர்க்கு அக்னி காரியமும் நித்ய கர்மமும் எவ்வளவு கடினம் என்பதை எண்ணினால், அத்தடையின் கருத்து ஒருவாறு விளங்கும். ஆயினும் நாளடைவில் தடையின் கருத்து பின்னே நிற்க, தடை மட்டும் முன்னே நின்றது.

கும்பகோணம் சார்ங்கபாணி ஸந்நிதித் தெருவில் வளர்ந்த கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் 1914-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்றார். கேம்ப்ரிட்ஜ் நகரில் தம் கையாலேயே சமைத்து உண்டார். அந்நாட்டுக் கட்டிலில் கம்பளிகளுக்குள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை அறியாமல், விரித்த கம்பளிகளின் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கினார் என்பதும், நண்பர் ஒருவர் அதைக் கண்டு முறையைக் காட்டினார் என்பதும் பலரும் அறிந்த செய்தி. 1919-இல் திரும்பி வந்தவர் 1920-இல் பரமபதித்தார். ராமேச்வரம் சென்று பிராயச்சித்தம் செய்துகொள்ள அவர் உடல்நிலை இடம் தரவில்லை. கடல் கடந்தவர் என்ற காரணத்தால் உறவினர் பலர் அவருடைய இறுதிச் சடங்கிற்கு வராமல் நின்றுவிட்டனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். அந்நிய நாட்டில் ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலம் அரிசிக்கும் காய்க்கும் அல்லற்பட்டு நியமம் காத்தவர் ஒருபுறம். சொந்த ஊரில் ஒரு வேளை வந்து நிற்காத உறவினர் மறுபுறம். இவ்விருவருள் தர்மத்தில் குறைந்தவர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இன்று அத்தடையைப் பற்றிப் பெரும்பாலும் எவரும் பேசுவதில்லை. ஏறக்குறைய ஒரு நாளில் விமானம் கொண்டு சேர்த்துவிடுகிறது. ஆகையால் "போகலாமா?" என்ற வினா போய், "போன இடத்தில் எவ்வாறு இருப்பது?" என்ற வினாவே எஞ்சி நிற்கிறது.

வாயிலிலேயே ஒரு சோதனை

முதற் சோதனை விமான நிலையத்திலேயே தொடங்கிவிடும். பேரனுக்குப் பிடிக்கும் என்று தாயார் புடவை மடிப்பில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை வைத்திருப்பார். அமெரிக்க நாட்டிற்குள் அதைக் கொண்டு செல்லத் தடை உண்டு. கறிவேப்பிலையும் எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவையும் ஒரே குடும்பத்துத் தாவரங்கள்; கறிவேப்பிலையில் வாழும் ஒரு சிறு பூச்சி, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்ப வல்லது. இதனை அறியாத தாயாருக்கு அது வெறும் இலை; அந்நாட்டு உழவருக்கோ அது வாழ்வைப் பற்றிய கவலை.

"தாவரம், பழம், விதை ஏதேனும் உண்டா?" என்று அதிகாரி கேட்கிறார். "இல்லை" என்று சொல்லிவிடத் தோன்றுகிறது. பிள்ளைப் பாசம் ஒருபுறம், ஸத்யம் மறுபுறம். இங்கே ஸந்தேகத்திற்கே இடமில்லை. ஸத்யத்திற்கு இந்நாட்டில் ஓர் அளவு, அந்நாட்டில் ஓர் அளவு என்பது கிடையாது. நாள்தோறும் மடியுடுத்தி ஆசாரம் காப்பவர், ஒரு கொத்து இலைக்காகப் பொய் உரைத்தால், அவர் காத்த ஆசாரம் எதைக் காத்தது? "இருக்கிறது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் இலை போகும். ஆத்ம குணம் நிற்கும்.

கடிகாரமும் கதிரவனும்

சில பெரியோர் கைக்கடிகாரத்தை நம் ஊர் நேரத்திலேயே வைத்திருப்பர். நியூ ஜெர்ஸியில் கோடைக்காலத்தில் இரு ஊர்களுக்கும் இடையே ஒன்பதரை மணி வேறுபாடு. இங்கே மாலை ஆறு மணி என்றால் அங்கே காலை எட்டரை மணி. கடிகாரத்தை நம்பினால், கதிரவன் கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும்போது ஸாயம் ஸந்த்யைக்கு அமர நேரிடும்! ஜூன் மாதத்தில் அவ்வூரில் ஸூர்யன் மறைய இரவு எட்டரை மணி ஆகும். டிசம்பரில் நாலரை மணிக்கே மறைந்துவிடும். ஸந்த்யை கடிகாரத்தைப் பற்றியதன்று, கதிரவனைப் பற்றியது என்பதை இங்கே மறந்திருந்தவர்க்கும் அந்நாடு நினைவூட்டிவிடுகிறது.

ஏகாதசியும் அவ்வாறே. சந்த்ரன் ஸூர்யனிடமிருந்து பன்னிரண்டு பாகை விலகும் காலமே ஒரு திதி. அது தொடங்கும் கணமும் முடியும் கணமும் உலகம் முழுவதற்கும் ஒன்றே. ஸூர்யோதயம் மட்டும் ஊர்தோறும் வேறு. ஏகாதசி நம் ஊரில் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு முடிவதாகக் கொள்வோம். அக்கணத்தில் நியூ ஜெர்ஸியில் கோடைக்காலமாயின் திங்கள் இரவு பத்தரை மணி. செவ்வாய் விடியும்போது அங்கே த்வாதசி வந்துவிட்டது. ஆகவே இங்கே செவ்வாய்க்கிழமை உபவாஸம் என்றால் அங்கே திங்கட்கிழமையே ஆகும். ஊரிலிருந்து எடுத்துச் சென்ற பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்து நோற்பவர், த்வாதசியில் பட்டினி கிடந்து ஏகாதசியில் உண்டவர் ஆவார்.

அங்குள்ள திருக்கோயில்கள் தத்தம் ஊருக்குரிய கணிதப்படி நாள் குறித்து வெளியிடுகின்றன. ஸங்கல்பத்திலும் பாரத வர்ஷத்தைச் சொல்லாமல் க்ரௌஞ்ச த்வீபம், ரமணக வர்ஷம் எனச் சொல்லும் வழக்கம் அமெரிக்கத் திருக்கோயில்கள் பலவற்றில் உண்டு. நிற்கும் இடத்தை உள்ளபடி சொல்வதே ஸங்கல்பம். ஆகவே இவற்றில் மாறியது நியமம் அன்று. நியமம் தன் இடத்தை அறிந்துகொண்டது என்க.

புகையும் பனியும்

அந்நாட்டு இல்லங்களின் மேற்கூரையில் புகையை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி பொருத்தப்பட்டிருக்கும். மிளகாய் தாளித்தாலும் அலறும்; ஸாம்பிராணி போட்டாலும் அலறும். சில அடுக்குமாடிக் கட்டடங்களில் அவ்வொலி கேட்டால் குடியிருப்போர் அனைவரும் வெளியேற வேண்டும். தீயணைக்கும் வண்டியும் வந்துவிடும். பெருமாள் திருமுன்பு தூபம் ஸமர்ப்பிக்க ஒரு பெரியவர் முனைய, அதன் பயனாகக் கைக்குழந்தைகளோடு முப்பது குடும்பங்கள் பனியில் வந்து நின்றன என்று வைத்துக்கொள்வோம். அவர் பக்தியில் குறையில்லை. ஆனால் அந்தப் பக்தியின் சுமையைத் தாங்கியவர் யார்?

இங்கேதான் நம் வினாவின் முடிச்சு அவிழ்கிறது. நியமத்தைக் காப்பவர், அதன் வருத்தத்தையும் தாமே ஏற்க வேண்டும். தாம் உபவாஸம் இருப்பது தவம். தாம் உபவாஸம் இருப்பதற்காக மருமகளை நான்கு முறை அடுப்படியில் நிறுத்துவது தவமாகாது. அப்பெண் விடியலில் எழுந்து குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி, தானும் அலுவலகம் சென்று, இருட்டியபின் திரும்புகிறாள். துணைக்கு ஓர் ஆளில்லை. அவள் தொட்ட பாத்திரம், குளிர்ப்பெட்டியில் இருந்த பால், நேற்றைய சாதம் என ஒவ்வொன்றையும் குறை கூறினால், அவள் கண்ணீர் எந்தப் பாத்திரத்தில் விழும்? மடிச் சமையல் வேண்டுமெனில் தாமே அரிசி களைந்து உலை வைக்கலாம், ராமாநுஜன் வைத்துக்கொள்ளவில்லையா? உடல் இயலவில்லையெனில், அன்போடு இட்டதைப் பெருமாளுக்கு அமுது செய்வித்துப் பெற்றுக்கொள்ளலாம். தூபமும் கற்பூரமும் இல்லாதவிடத்து மாநஸிகமாக ஸமர்ப்பிக்கலாம். நெஞ்சினால் செய்யும் ஆராதனத்திற்கு எக்கருவியும் அலறுவதில்லை.

இன்னொரு நிகழ்ச்சியையும் எண்ணிப் பார்க்கலாம். வாயிலில் கோலமிட ஓர் அம்மையார் வெளியே வருகிறார். கதவு தானே மூடித் தாழிட்டுக்கொள்கிறது. வீட்டில் எவருமில்லை, காலில் செருப்பில்லை, மொழியும் தெரியாது. எதிர் வீட்டு மாது ஓடிவந்து உள்ளே அழைத்து, கம்பளி போர்த்தி, வெந்நீர் தந்து, தொலைபேசியில் மகனுக்குச் செய்தி சொல்கிறாள். அந்த வெந்நீரை அருந்துவதா, மறுப்பதா? ஊரில் அயல் வீட்டு நீரை அருந்தாதவர் அவர். குளிரில் நடுங்கும் உயிருக்கு ஆபத்தர்மம் உண்டு என்பது ஒரு விடை. அதினும் பெரிய விடை ஒன்று உண்டு. காக்கும் தொழில் ஸர்வேச்வரனுடையது. அவன் அன்று அக்காலை வேளையில் அம்மாதின் கையைக் கொண்டு காத்தான். கையை மறுப்பது காத்தவனை மறுப்பதாகாதோ?

இயலாமையும் வேண்டாமையும்

"இவ்வாறு ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தால் கடைசியில் எது மிஞ்சும்?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. ஒருமுறை தளர்ந்தது பிறகு இறுகுவதில்லை என்பதும் அனுபவம். இதற்கு நம் பூர்வர்கள் காட்டிய எல்லை, அசக்தி வேறு, அச்ரத்தை வேறு என்பது. இயலாமையால் விடுவது ஒன்று. இயன்றும் சோம்பலால் விடுவது மற்றொன்று.

எம்பெருமானார் சோழ மன்னனால் நேர்ந்த இடுக்கண் காரணமாகத் திருவரங்கத்தை விட்டு மேல்நாட்டிற்கு எழுந்தருளியபோது, காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் விட்டு வெள்ளை உடுத்திச் சென்றதாகக் குருபரம்பரை கூறும். ஸந்யாஸிக்கு அதினும் பெரிய விட்டுக்கொடுத்தல் யாது? ஆனால் இடுக்கண் நீங்கியவுடன் காஷாயத்தை மீண்டும் ஏற்றார் என்பதையும் அதே குருபரம்பரை கூறுகிறது. வெள்ளை உடுத்தியது இயலாமை. மீண்டும் காஷாயம் ஏற்றது ச்ரத்தை. அமெரிக்காவில் பனிக்காலத்தில் வேஷ்டியின் மேல் காற்சட்டை அணிந்து நடந்தவர், ஊர் திரும்பியபின் பஞ்சகச்சத்தை மறந்துவிட்டால் மட்டுமே கவலைப்பட வேண்டும். இயலாதது நீங்கிய மறுநாள் நாம் என்ன செய்கிறோம் என்பதைக் கொண்டே, விட்ட நாளில் நம் நெஞ்சம் எப்படி இருந்தது என்பது விளங்கும்.

இதனினும் ஆழ்ந்த ஆறுதல் ஒன்று ஸம்ப்ரதாயத்தில் உள்ளது. ப்ரபத்திக்குத் தேச நியமமும் கால நியமமும் ப்ரகார நியமமும் இல்லை, பற்றப்படும் பொருளாகிய எம்பெருமானைப் பற்றிய நியமமே உண்டு என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் அருளிச்செய்துள்ளார். விபீஷணாழ்வான் கடல் கடந்து வந்தே சரணம் புகுந்தான். புகுவதற்கு முன் அக்கடலில் நீராடினான் என்று ராமாயணம் கூறவில்லை. த்ரௌபதி சரணம் புகுந்த நிலையும் ஸ்நானம் செய்த நிலையன்று. ஆசாரம் நம்முடைய கடமை. ஆனால் அவன் நம்மைக் காப்பது நம் ஆசாரத்தின் விலையாக அன்று. இதை உணர்ந்தவர் ஆசாரத்தை அலட்சியம் செய்யார். ஆசாரம் தவறிய நாளில் அஞ்சி நடுங்கவும் மாட்டார்.

அவன் அங்கும் முன்னே சென்று காத்திருக்கிறான். பிட்ஸ்பர்க் நகரையடுத்த பென் ஹில்ஸ் குன்றில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவோடு ஸ்ரீவேங்கடேச்வரன் திருக்கோயில் 1976-இல் எழுந்தது. ஆஸ்திரேலியாவில் ஸிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்கில் அவனுக்கே 1985-இல் கோயில் அமைந்தது. பனி பெய்யும் நாளிலும் திருமஞ்சனம் நடக்கிறது. வீட்டுத் துளசி பனிக்காலத்தில் கண்ணாடிச் சாளரத்தருகே தொட்டியில் ஒடுங்கி நிற்கிறது. நான்கு தளம் கிடைத்தாலும் திருவடியில் சேர்கிறது.

பராதீனம் கற்பிக்கும் பாடம்

பெற்றோர்க்கு அங்கே மிகவும் கடினமானது குளிரும் அன்று, உணவும் அன்று, பிறரை எதிர்பார்த்திருத்தலே. பல ஊர்களில் காரில்லாமல் கடைக்குச் செல்ல இயலாது. மகன் ஓய்ந்து வரும் சனிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டும். ஊரில் நாலு பேருக்கு வழி சொன்னவர், அங்கே தெருமுனையில் வழி தவறி நிற்கிறார். பேரனிடம் கைபேசியை நீட்டி "இதை எப்படித் திறப்பது?" என்று கேட்கிறார். இதை அவமானமாகக் கொள்வாரும் உளர். ஆனால் "ஸ்வாதந்த்ர்யம் நம் ஸ்வரூபம் அன்று, பாரதந்த்ர்யமே ஸ்வரூபம்" என்று எத்தனை காலக்ஷேபங்களில் கேட்டிருக்கிறோம்! கேட்டதை உடலால் உணரும் இடம் அது. மகனையே நம்பியிருக்கக் கற்றவர்க்கு, மாதவனையே நம்பியிருத்தல் இன்னதென்று சிறிது விளங்கும்.

பிள்ளைகளுக்கும் கடமை உண்டு. தந்தை பாராயணம் செய்ய ஒரு மூலையையும், தாயார் விளக்கேற்ற ஒரு மாடத்தையும் கேளாமலே ஒதுக்கித் தருதல் வேண்டும். ஓய்வு நாளில் கடைவீதிக்கு அழைத்துச் செல்வதோடு கோயிலுக்கும் அழைத்துச் செல்லுதல் வேண்டும். அவர்கள் தடுமாறும்போது குழந்தைகள் முன் நகையாடுதல் கூடாது; இன்று தாத்தாவின் தடுமாற்றத்தைக் கண்டு சிரிக்கக் கற்ற குழந்தை, நாளை தந்தையின் தடுமாற்றத்தைக் கண்டும் சிரிக்கும்.

ஆகவே போய் வந்த பெரியோர் குரலைத் தாழ்த்த வேண்டுவதில்லை. ஸத்யம் குறைந்ததா, அன்பு குறைந்ததா, உதவியவரிடம் நன்றி குறைந்ததா, பகவத் ஸ்மரணம் குறைந்ததா என்று நான்கை மட்டும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும். இவை எந்நாட்டு வாயிலிலும் தடுக்கப்படாதவை. எவ்வளவு கொண்டு சென்றாலும் சுமையாகாதவை. இவை குறையாதிருப்பின் மற்றவற்றை ஊர் திரும்பிய மறுநாள் விடியலில் நீராடி மீண்டும் தொடங்கிவிடலாம்.

இவ்வாண்டு திருத்தேர் வடம் பிடிக்கும் கைகளோடு, தொலைவிலிருந்து நெஞ்சினால் வடம் பிடிக்கும் கைகளையும் எம்பெருமான் கடாக்ஷித்தருள்வானாக! பிரிந்து வாழும் குடும்பங்கள் அனைத்தும் அவன் திருவடி நிழலில் ஒன்றுகூடி மகிழ்வனவாக!

சுபம்.