மெலிவும் பேணலும்
புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசலுக்குச் சைக்கிளில் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி கூடவே வருகிறது: எடையைப் பற்றி இவ்வளவு யோசிப்பதும் பற்றுதானா?

அங்கே குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்னும் குகையில் 17 கல் படுக்கைகள் இருக்கின்றன. சமணத் துறவிகள் தங்கிய இடம். உணவைப் படிப்படியாகக் குறைத்து உடலை விடும் சல்லேகனை அவர்கள் சமயத்தில் உயர்ந்த நோன்பு. அந்த உறுதிமுன் கைகூப்புகிறேன். ஆனால் அது என் பாதை அல்ல. எங்கள் வீடுகளில் பெண்ணின் பட்டினி வேறு வழியில் வந்தது: எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சினால் சாப்பிடுவது. அதற்கு விரதம் என்ற மரியாதை வேறு. இப்போது இடுப்பளவுக்காகவும் பட்டினி கிடப்பதைத் துறவு என்று என்னால் ஏற்கவே முடியாது.

நான் திருமூலர் பக்கம். உடம்பை இறைவன் குடியிருக்கும் இடமாகக் கண்டு, அதைப் பேணும் வழி தேடியவர் அவர். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான்.

எடை மெஷினை நான் அதிகம் நம்புவதில்லை. நீண்ட தூரம் மிதித்து வந்ததும் அது குறைத்துக் காட்டுவது பெரும்பாலும் வியர்வையில் போன நீர். தொடைத்தசை வலுத்தால் முள் ஏறவும் செய்யும்.

1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தின்போது இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். என் அம்மாவும் ஒருத்தி. மெலிவதற்காக அவர்கள் மிதிக்கவில்லை. நினைத்த இடத்துக்குத் தாங்களே போக மிதித்தார்கள். நான் வேண்டும் உடம்பும் அதுவே: அறுபது வயதிலும் எதிர்காற்றில் மிதித்துப்போய் அந்தக் குன்றின் படிகளை ஏறும் உடம்பு. அதற்குச் சோறு வேண்டும். கம்பங்கூழும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டே கிளம்புகிறேன்.