வக்காலத்து யாருக்கு?

கருவி செய்த பிழைக்கு, அதைக் கையாண்டவர் பொறுப்பாவாரா? 2023-ஆம் ஆண்டில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் இக்கேள்வி எழுந்தது.

விமானத்தில் உணவு வண்டி மோதி முழங்காலில் அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டார். அவருடைய வக்கீல் தரப்பு எடுத்துக்காட்டிய முன்தீர்ப்புகளில் ஆறு யாருக்கும் அகப்படவில்லை. எப்படி அகப்படும்? அவை சாட்ஜிபிடி என்னும் செயலி இட்டுக்கட்டியவை! ‘இவை உண்மைதானா?’ என்று அதனிடமே விசாரித்திருக்கிறார் வக்கீல். ‘ஆம்’ என்றதாம். பொய் சொன்னவனையே சாட்சிக்கு அழைத்த கதைதான்.

தீர்ப்புகளைத் தேடியவர் ஒருவர். கையெழுத்திட்டவர் அவருடைய சகா. இருவருக்கும் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம். கருவியைக் கையாண்டதை நீதிபதி குறை கூறவில்லை. சரிபாராமல் ஒப்பமிட்டதும், ஐயம் எழுந்த பிறகும் உண்மையை உடனே ஒப்புக்கொள்ளாததுமே குற்றமாயின.

ஜூனியரும் குமாஸ்தாவும் வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறிய வக்கீலுக்கு இத்தகைய கருவி பெருந்துணைதான், மறுப்பதற்கில்லை. ஆனால், குமாஸ்தா எழுதிய நகலையும் படித்துப் பார்த்த பிறகல்லவா வக்கீல் கையெழுத்திட வேண்டும்?

இயந்திரத்துக்கு அவமானம் இல்லை, அபராதமும் இல்லை. கட்சிக்காரர் நம்பி வக்காலத்துக் கொடுப்பது மனிதருக்கு. அந்த நம்பிக்கையை இன்னொன்றிடம் கைமாற்றிவிட அவருக்கு உரிமை ஏது?